சாப்பிட்டதுக்குத் தன்னைத்தானே பேசினா உடம்பு மெலியுமோ? வன்னி ஆக்களிட்ட ஒரு கேள்வி

பரந்தன்_சந்தி எழுதியது:

எங்கட பக்கம் ஒரு ஆள் மொத்தமாப் போனா, அவரை மெலிய வைக்கத் தெரிஞ்ச ஒரே மருந்து பேச்சுத்தான். கலியாண வீட்டில கண்ட உடன "என்னடி, இப்பிடி ஊதிப்போனாய்?" எண்டுதான் முதல் கதை. பிறகுதான் சுகம் விசாரிக்கிறது. அதே வாய் பந்தியில இருக்கேக்க "அவவுக்கு இன்னொரு கரண்டி போடுங்கோ, வடிவாச் சாப்பிடட்டும்" எண்டும் சொல்லும்.

சனத்தின்ர வாயை விடுங்கோ. நான் கேக்க வந்தது நாங்களே எங்களைப் பேசிறதைப் பற்றி. எனக்குத் தெரிஞ்ச கனபேர், குறிப்பா நாப்பது தாண்டின பொம்பிளையள், பின்னேரம் ரெண்டு பணிஸ் கூடச் சாப்பிட்டாக் காணும், உள்ளுக்க ஒரு வழக்குத் தொடங்கிவிடும். "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை. நான் ஒரு தீனிப்பண்டாரம். என்னால ஏலாது." வழக்கின்ர தீர்ப்பு என்னெண்டா, "இண்டைக்குக் கெட்டாச்சு, திங்கக்கிழமை பாப்பம்" எண்டு இரவைக்கு றொட்டியும் சம்பலும். திங்கக்கிழமை எண்டது தைப்பொங்கல் முடிய எண்டாகும், தைப்பொங்கல் சித்திரை வருசமாகும்.

சீனி வருத்தக் (நீரிழிவு) கிளினிக்கிலயும் இதைக் காணலாம். எடை கூடின மாசம் பேச்சு வாங்கவேணும் எண்டு பயந்து கிளினிக்குக்கே போகாம விடுற ஆக்கள் இருக்கினம். குளிசை முடிஞ்சா பக்கத்து வீட்டு ஆளின்ர குளிசையில ரெண்டு கடன் வாங்கிப் போடுகினம்.

அமெரிக்காவில கிறிஸ்ரின் நெவ் எண்ட உளவியலாளர் தன்பரிவு எண்டதை அளக்கிறதுக்கு 2003 இல ஒரு கேள்விக்கொத்தே செய்தவ. அவ சொல்லுறது மூண்டு விசயம். பிழைச்ச நேரம் எங்களோட நாங்கள் தன்மையாக் கதைக்கிறது. இது எனக்கு மட்டும் வாற பிழை இல்லை, மனிசராப் பிறந்த எல்லாருக்கும் வாறது எண்டு விளங்கிறது. வந்த கவலையை ஒளிக்காம, அதுக்குள்ள தாழவும் செய்யாம, இருக்கிறபடி பாக்கிறது.

வாசிக்க நல்லாத்தான் இருக்கு. வட்டக்கச்சியிலயோ விசுவமடுவிலயோ வயலும் வீடுமா ஓடித்திரியிற ஒரு மனிசிக்கு இது உதவுமோ, இல்லாட்டி இன்னொரு பணிசுக்குச் சாட்டோ? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ. "பத்து நாளில பத்துக் கிலோ" காரர் தயவுசெய்து வேற இழைக்குப் போங்கோ.


கமக்காரன்_வவுனிக்குளம் எழுதியது:

தங்கச்சி, கோவிக்காதேங்கோ. பரிவு காட்டிக் காட்டித்தான் இந்த நிலைக்கு வந்தது எண்டு நான் சொல்லுவன்.

எங்கட ஐயா ஆக்கள் காடு வெட்டி வயலாக்கின ஆக்கள். விடிய எருமையோட சேத்துக்க இறங்கினா வெயில் ஏறத்தான் கரைக்கு வருவினம். இப்ப உழவுக்கு ட்ராக்டர், அருவி வெட்டுக்கும் சூடடிப்புக்கும் ஒரே மெசின், சந்திக் கடைக்குப் போக மோட்டச்சைக்கிள். வேலை குறைஞ்சுது, சோத்துக் கோப்பை குறையேல்ல. இதுக்க என்ன மனநூல் கிடக்கு? வாயைக் கட்டவேணும், நடக்கவேணும்.

2022 இல பெற்றோல் இல்லாம எல்லாரும் சைக்கிளுக்கு மாறேக்க எத்தினை பேற்ற வண்டி வத்தினது எண்டு நான் கண்டனான். அப்ப ஆரும் தங்களில பரிவு காட்டேல்ல. மிதிச்சவை, அவ்வளவுதான்.


மாங்குளம்_பெடியன் எழுதியது:

அண்ணை, 2022 இல வத்தினது சைக்கிளால மட்டும் இல்லை. பால்மா விலையையும் சீனி விலையையும் பாத்துச் சனம் ரீயையே மறந்தது. எங்கட வீட்டில பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு பிளேன்ரீ குடிச்சனாங்கள், அதிலயும் அம்மா பனங்கட்டியை எண்ணித்தான் தந்தவ. பெற்றோல் திரும்பி வந்த கையோட வண்டியும் வந்திட்டுது 😄


வெள்ளைச்சட்டை எழுதியது:

வவுனியாப் பக்கம் தாதியா வேலை செய்யிறன். சந்தி அக்கா சொன்ன கிளினிக் கதை உண்மை. காலமை முழுக்க வரிசை நிக்கும். ஒரு ஆளோட ரெண்டு நிமிசம் கதைக்கக் கிடைச்சாலே பெரிய காரியம், அந்த ரெண்டு நிமிசத்தில வாயில வாறது பேச்சு. அது வேலை செய்யாது எண்டதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு.

1975 இல ஹேர்மன், மக் எண்ட ரெண்டு பேர் ஒரு பரிசோதனை செய்தவை. டயட்டில இருக்கிற ஆக்களுக்கும் இல்லாத ஆக்களுக்கும் முதல் மில்க்சேக் குடுத்து, பிறகு ஐஸ்கிரீமை வைச்சு ருசி பாத்துச் சொல்லுங்கோ எண்டவை. டயட் இல்லாத ஆக்கள் வயிறு நிரம்பினதால ஐஸ்கிரீமைக் குறைச்சுத்தான் சாப்பிட்டவை. டயட்டில இருந்த ஆக்கள், மில்க்சேக் குடிச்ச பிறகு, குடிக்காம வந்ததை விடக் கூடச் சாப்பிட்டவை. "கெட்டது கெட்டாச்சு" எண்ட அதே கதை. வயிறு கேட்டுச் சாப்பிட்டதில்லை, மனம் தோத்துச் சாப்பிட்டது.

2007 இல கிளயர் அடம்ஸ், மார்க் லியரி எண்டவை கல்லூரிப் பெட்டையளுக்கு முதல் டோநட் சாப்பிடக் குடுத்தவை. ஒரு பகுதிக்கு மட்டும் "எல்லாரும் சிலநேரம் இப்பிடிச் சாப்பிடுறதுதான், இதுக்காக உங்களில நீங்கள் கடுமையா இருக்கவேண்டாம்" எண்ட மாதிரி ரெண்டு வார்த்தை சொன்னவை. பிறகு இனிப்பை வைச்சு ருசி பாக்கச் சொன்னா, எப்பவும் வாயைக் கட்டுற பெட்டையளில அந்த வார்த்தை கேட்டவை குறைச்சுச் சாப்பிட்டினம். கேக்காதவை கூடச் சாப்பிட்டினம்.

ஒண்டையும் சொல்லவேணும். அது ஒரு பொழுதுப் பரிசோதனை, படிக்கிற பிள்ளையளில செய்தது. தன்பரிவு எண்டது எடை குறைக்கிற குளிசை இல்லை. எடையைக் குறைக்கிறது சாப்பாடும் நடமாட்டமும்தான், அதில கமக்கார அண்ணை சொன்னது சரி. பரிவு வேலை செய்யிற இடம் வேற. பிழைச்ச நேரத்துக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் இடையில இருக்கிற இடம் அது.

அண்ணைக்கு ஒரு கணக்கும் சொல்லுறன். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். ரீக்கு மூண்டு கரண்டிப்படி நாளைக்கு அஞ்சு ரீ எண்டா 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லுற உச்ச அளவு ஒரு நாளைக்கு 50 கிராமளவு, 25க்குள்ள நிண்டா நல்லம். சோத்துக் கோப்பையைத் தொடாமலே குறைக்கக்கூடிய இடம் அது.


கமக்காரன்_வவுனிக்குளம் எழுதியது:

என்ர ரீயை எப்பிடிப் பிள்ளை கண்டனீர்? 🙄


ஒட்டுசுட்டான்_மருமகள் எழுதியது:

நான் எங்கட மாமியைப் பற்றிச் சொல்லவேணும். ஏனெண்டா இஞ்ச சாப்பாடு எண்டா சாப்பாடு மட்டும் இல்லை.

மாமி முள்ளிவாய்க்கால் மட்டும் போய் வந்தவ. கடைசியில அரிசியும் தண்ணியும் உப்பும் போட்டுக் காய்ச்சின கஞ்சிக்குக் கோப்பையோட நிண்டதை இண்டைக்கும் மே மாசம் வந்தாச் சொல்லுவா. இப்ப அவவின்ர கட்டிலுக்குக் கீழ அரிசி மூட்டை. அலுமாரிக்குள்ள பருப்பு. ஒண்டு முடிய முதல் மற்றது வந்திருக்கவேணும். பிள்ளையள் கோப்பையில மிச்சம் விட்டா அதையும் தான்தான் சாப்பிடுவா. எறிய அவவுக்கு மனம் வராது.

சீனியும் பிறசரும் வந்து, "சோத்தைக் குறையுங்கோ" எண்டு சொல்லி அனுப்பினவை. வீட்டை வந்து அழுதவ. "அப்ப இல்லாமக் கிடந்தன். இப்ப இருக்க இருக்கச் சாப்பிடாதை எண்டுறாங்கள்." குறை எண்ட சொல்லு அவவுக்குப் பட்டினி எண்டுதான் கேக்குது. பகல் முழுக்க வீறாப்பில சாப்பிடாம இருப்பா, இரவு எல்லாரும் படுத்த பிறகு குசினியில சத்தம் கேக்கும். காலமை "நான் ஒரு மனிசியே" எண்டு தன்னைத்தானே பேசிக்கொண்டிருப்பா.

நான் ஒரு புத்தகமும் படிக்கேல்ல. "குறை" எண்டதை நிப்பாட்டினன். மூண்டு நேரமும் நேரத்துக்குச் சாப்பாடு வரும், ஒருநாளும் தவறாது எண்டு முதலில அவவுக்கு நம்பிக்கை வரவேணும். காலமை வெள்ளை மாப் புட்டு இருந்த இடத்தில குரக்கன் மாப் புட்டு. மத்தியானம் சோறு இருக்கும், ஆனா கோப்பையில முதலில முருங்கையிலை வறையும் கத்தரிக்காயும் மீனும் போட்டு, மிச்ச இடத்துக்குத்தான் சோறு. பிள்ளையளின்ர மிச்சத்துக்கு மூண்டு கோழி வாங்கி விட்டன். கோழிக்குப் போடுறது எறியிறது இல்லை எண்டு மாமி ஒத்துக்கொண்டவ, முட்டை வேற வருது.

இரவுச் சத்தம் இப்ப அருமை. வந்தாலும் நான் எழும்பிப் போய் "மாமி, பசிக்குதோ, ரீ ஊத்தட்டோ" எண்டு கேப்பன். கேட்டாக் கொஞ்சம் கதைப்பா. பிறகு படுத்திடுவா. மெல்ல மெல்ல இறங்குது எடை. சீனியும்.


வெள்ளைச்சட்டை எழுதியது:

தங்கச்சி, நீங்கள் செய்ததை எங்கட பயிற்சி வகுப்பில பாடமா வைக்கலாம்.

இதுக்கு ஒரு பெரிய சான்று இருக்கு. 1944, 45 இல அமெரிக்காவில மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில அன்சல் கீஸ் எண்ட ஆராய்ச்சியாளர், தாங்களா முன்வந்த 36 ஆம்பிளையளை 24 கிழமை அரைப்பட்டினியில வைச்சவர். எடையில ஏறத்தாழ காற்பங்கு போனது. சுகதேகியா, நல்ல மனத்திடத்தோட வந்த பெடியள் அவங்கள். பட்டினி தொடங்கின பிறகு சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினாங்கள், கோப்பையை நக்கினாங்கள், சாப்பாட்டைத் தவிர வேற நினைப்பில்லை. திருப்பிச் சாப்பாடு குடுத்த பிறகும் வயிறு முட்டச் சாப்பிட்டுப்போட்டுப் பசிக்குது எண்டாங்கள். கொழுப்பு முதல் இருந்ததை விடக் கூடத்தான் திரும்பி வந்தது.

ஆறு மாசம், மருத்துவர் பக்கத்தில, குண்டு விழாத இடத்தில. அங்கயே அப்பிடி. மூட்டை சேர்க்கிறதும் மிச்சத்தைச் சாப்பிடுறதும் பட்டினியைக் கண்ட உடம்பின்ர புத்தி. அதை மனக்கட்டுப்பாடு இல்லாத குணம் எண்டு சொல்லிப் பேசினா, பேசுறவருக்குத்தான் விளக்கம் காணாது.


ஆசிரியை_முள்ளியவளை எழுதியது:

நெதர்லாந்தில 1944, 45 மாரியிலயும் ஒரு பஞ்சம் வந்தது. அப்ப வயித்தில இருந்த பிள்ளையள் வளந்து பெரியாக்களான பிறகு, மற்றவையை விட அவையின்ர உடம்புக்குச் சீனியைக் கையாளுறது கஷ்டமா இருந்தது எண்டு பிறகு கண்டுபிடிச்சவை. 2009 இல வன்னியில பிறந்த பிள்ளையள் என்ர வகுப்பில இருந்து ஓ.எல். எழுதிப் போன ஆக்கள். அதுகளை "குண்டன்", "பூசணி" எண்டு கூப்பிடுற ஆசிரியர்மாரும் இருக்கினம், அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

2009 இல இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த செட்டிகுளம் முகாமில நிவாரணம் எண்டு வந்தது அரிசி, கோதம்பை மா, பருப்பு, சீனி, எண்ணெய். அந்த மாவிலதான் ஒரு தலைமுறையின்ர நாக்குப் பழகினது. ஒடியல் கூழும் குரக்கன் களியும் குடிச்ச சனம் காலமை மத்தியானம் இரவு மா எண்டு வந்தது சோம்பேறித்தனத்தால இல்லை.

கமக்கார அண்ணை கேட்டதுக்கும் ஒரு பதில். தன்னில பரிவு காட்டினா மனிசன் முயற்சியை விட்டிடுவான் எண்டதைத்தான் எல்லாரும் பயப்பிடுகினம். 2012 இல ஜூலியானா பிறைன்ஸ், செரீனா சென் எண்ட ரெண்டு பேர் கலிபோர்னியாவில மாணவரிட்ட இதைப் பாத்தவை. கஷ்டமான சொற்பரீட்சை ஒண்டில சறுக்க விட்டு, ஒரு பகுதிக்குத் தங்களில கடுமையா இருக்கவேண்டாம் எண்டு சொன்னவை. அடுத்த பரீட்சைக்குக் கூட நேரம் படிச்சது அந்தப் பகுதிதான். எனக்கு இது புதினமா இருக்கேல்ல. வகுப்பில "மொக்கன்" எண்டு பேச்சு வாங்கின பிள்ளை அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்காது, பள்ளிக்கூடத்துக்கு வராமலே விட்டிடும்.


கனடாக்குளிர் எழுதியது:

மல்லாவியில பிறந்து இப்ப ரொறன்ரோ. எல்லாரும் அழுது முடிஞ்சுதோ? 😂 நான் சொல்லுறன். சோறு, மா, சீனி எல்லாம் பூச்சியம். 16 மணித்தியாலம் ஒண்டும் சாப்பிடாம இருங்கோ, தண்ணி மட்டும். பிழைச்சா அடுத்த நாள் 24 மணித்தியாலம் தண்டனை. நான் உப்பிடித்தான் இறக்கினனான். மனத்திடம் வேணும், பரிவு கிரிவு ஒண்டும் தேவையில்லை. எங்கட சனம் கந்தசட்டிக்கு ஆறு நாள் இருக்கிற சனம், இது பெரிய விசயமே?


வெள்ளைச்சட்டை எழுதியது:

இதை வாசிக்கிற சீனிக்காரர் தயவுசெய்து நிண்டு கேளுங்கோ. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் மாதிரிக் குளிசை போடுற ஆக்கள், இன்சுலின் அடிக்கிற ஆக்கள் இப்பிடிச் சாப்பிடாமக் கிடந்தா சீனி ஒரேயடியா இறங்கி மயங்கி விழலாம். மெற்போமின் மட்டும் போடுற ஆக்களுக்கு அந்த ஆபத்துக் குறைவு. விரதம் பிடிக்கிறதெண்டாலும் முதல் டொக்டரிட்டக் கேட்டு, குளிசையின்ர அளவையும் நேரத்தையும் மாத்திக்கொண்டுதான் பிடிக்கவேணும். நடுக்கம், வேர்வை, நெஞ்சு படபடப்பு வந்தா விரதத்தைப் பாக்காம உடன சீனித்தண்ணி குடியுங்கோ. முருகன் கோவிக்கமாட்டார்.

கனடாத் தம்பி, நேரம் பாத்துச் சாப்பிடுற முறை உங்களுக்குச் சரிவந்தா நல்லம். பிழைச்சதுக்குப் பட்டினித் தண்டனை எண்டதுதான் வில்லங்கம். மேல மாமியின்ர கதையை இன்னொருக்கா வாசியுங்கோ.


பரந்தன்_சந்தி எழுதியது:

தம்பி, பட்டினியைத் தண்டனையாக் குடுக்கிற முறையை வன்னிக்கு வந்து சொல்லித் தராதேங்கோ. இஞ்ச அதை வேற ஆக்கள் குடுத்து முடிச்சிட்டினம்.


கனடாக்குளிர் எழுதியது:

சரியக்கா. அப்பிடி நினைச்சு எழுதேல்ல.


ஒருகால்_சைக்கிள் எழுதியது:

புதுக்குடியிருப்பு. சைக்கிள் திருத்துற கடை வைச்சிருக்கிறன். 2009 இல முழங்காலுக்குக் கீழ ஒரு கால் போனது. கன காலமா இந்த இழை மாதிரி இழையளை வாசிச்சுப்போட்டு ஒண்டும் எழுதாமப் போற ஆள். இண்டைக்கு எழுதுறன்.

"நட, நட" எண்டு எல்லாரும் சொல்லுகினம். செயற்கைக்கால் போட்ட ஆளுக்கு எடை எண்டது வேற விளையாட்டு. ரெண்டு மூண்டு கிலோ கூடினாக் காணும், சொக்கெற் (மிஞ்சின காலை உள்ளுக்க விடுற கூடு) இறுகும், தோல் உரசிப் புண் வரும். புண் வந்தாக் காலைப் போட ஏலாது. காலைப் போடாட்டி நடக்க ஏலாது, நடக்காட்டி இன்னும் எடை கூடும். குறைஞ்சாலும் கரைச்சல், சொக்கெற் லூசாகும், உள்ளுக்கப் போடுற சொக்ஸ் ஒண்டு ரெண்டு கூட்டவேணும். அதால எனக்கு எடையைப் பற்றிக் கவனமில்லை எண்டு ஆரும் சொல்ல ஏலாது, ஒவ்வொரு விடியவும் காலுக்க காலை விடேக்க தெரியும்.

பாவம் பாக்கிறதுக்கும் பரிவுக்கும் இருக்கிற தூரம் எனக்குத் தெரியும். சனம் எனக்குப் பாவம் பாத்தது. "தம்பி நீ இரு, நான் எடுத்தாறன்." எந்த வீட்டுக்குப் போனாலும் கதிரையும் சீனி போட்ட ரீயும் பிஸ்கட்டும். வேண்டாம் எண்டா மனம் நோவினம் எண்டு குடிக்கிறது. நானும் எனக்குப் பாவம் பாத்தன். இவ்வளவும் பட்ட எனக்கு ஒரு கொத்துறொட்டிகூட இல்லையோ எண்டு இரவில கடைக்கு ஆள் அனுப்பினன். கமக்கார அண்ணை பயப்பிடுற பரிவு இதுதான் எண்டா, அவர் சொல்லுறது முழுக்கச் சரி.

மற்றப் பக்கம், புண் வந்தா என்னை நான் பேசின பேச்சை இஞ்ச எழுத ஏலாது. பேசிப்போட்டு வீம்புக்குக் காலைப் போட்டுக்கொண்டு வேலை செய்வன். புண் பெரிசாகும்.

மாத்தினது கால் செய்து தாற இடத்தில ஒரு ஐயா. அவர் பேசவும் இல்லை, பாவம் பாக்கவும் இல்லை. புண்ணைப் பாத்திட்டு, "எப்ப தொடங்கினது, அண்டைக்கு என்ன செய்தனீர், என்ன சாப்பிட்டனீர், எவ்வளவு நேரம் நிண்டனீர்" எண்டு ஒவ்வொண்டாக் கேட்டார். குற்றவாளியைக் கேக்கிற மாதிரி இல்லை. நான் செயின் அறுந்த சைக்கிளைப் பாத்து அதைப் பேசுறதில்லை, எங்க தேய்ஞ்சது எண்டுதான் பாக்கிறன். அந்தக் கண்ணோட என்னையும் பாக்கலாம் எண்டு அண்டைக்குத்தான் ஓடினது.

இப்ப புண் தொடங்கினா அண்டைக்குக் காலைக் கழட்டி வைக்கிறன், கதிரையில இருந்தபடி கைக்கு நாலு செங்கல் பயிற்சி. எடை ஏறின கிழமை எங்க ஏறினது எண்டு பாக்கிறன். பெரும்பாலும் கடையில ஆள் இல்லாத பின்னேரம்தான். அந்த நேரத்தில கச்சான் கொஞ்சமும் பிளேன்ரீயும், சீனி இல்லாம. கண்ணாடிக்கு முன்னால நிண்டு "நீ வடிவான ஆள்" எண்டு சொல்லுற விளையாட்டெல்லாம் எனக்குச் சரிவராது, சிரிப்பு வரும்.


வெள்ளைச்சட்டை எழுதியது:

அண்ணை, ஒரு சின்ன விசயம். முழங்காலுக்குக் கீழ இருக்கிற கால் உடம்பெடையில ஏறத்தாழ 6 வீதம். செயற்கைக்காலைக் கழட்டிப்போட்டு நிறுத்த எடையை 0.94 ஆலப் பிரிச்சுப்போட்டுத்தான் பீஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியோ எண்டு காட்டுற இலக்கம்) கணக்குப் பாக்கவேணும். 66 கிலோ காட்டினா 70 எண்டு எடுங்கோ. கிளினிக்கில கனபேர் இதைப் பாக்கிறதில்லை, நீங்களாச் சொல்லுங்கோ. எங்கட ஆசிய உடம்புக்கு பீஎம்ஐ 23 தாண்டினாலே கவனம் வேணும், 27.5 தாண்டினா ஆபத்துக் கூட எண்டு 2004 இல உலக சுகாதார நிறுவனத்தின்ர நிபுணர் குழு சொன்னது.


மாங்குளம்_பெடியன் எழுதியது:

சைக்கிள் அண்ணை, செங்கல் பயிற்சியைப் படம் எடுத்துப் போடுங்கோ. ஜிம்முக்குக் காசு கட்டி ஏமாந்து நிக்கிறன்.


கமக்காரன்_வவுனிக்குளம் எழுதியது:

எல்லாத்தையும் வாசிச்சன். சைக்கிள் தம்பி எழுதினதை ரெண்டுதரம்.

எனக்கு இன்னும் ஒரு சொட்டு இடிக்குது. இஞ்ச வந்தவை எல்லாரும் ஏதோ பட்டுத் தெளிஞ்ச ஆக்கள். ஒரு துன்பமும் இல்லாமப் பொழுதுபோகாமத் தின்னுற ஆளும் "நான் என்னில பரிவு காட்டுறன்" எண்டு சொல்லுவான். அவனை என்ன செய்யிறது?

சரி, அதை விடுவம். பிழைச்ச அண்டைக்கு என்ன செய்யிறது எண்டு ஒரு வசனத்தில சொல்லுங்கோ. கண்ணகை அம்மன் பொங்கல் வருகுது, மருமகள் வீடு வற்றாப்பளையில. வடை, மோதகம், பொங்கல், பாயாசம். நான் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பன் எண்டு சத்தியம் பண்ணமாட்டன்.


பரந்தன்_சந்தி எழுதியது:

அண்ணை, அவன் தன்னில பரிவு காட்டேல்ல, தனக்குச் சலுகை குடுக்கிறான். தன்ர பிள்ளை நாள்முழுக்கச் சீனி தின்னக் கேட்டா அள்ளிக் குடுப்பானோ? மாட்டான். பேசிக் கொல்லவும் மாட்டான்.

பொங்கலுக்கு: மோதகம் சாப்பிடுங்கோ. இருந்து, ருசிச்சு, மருமகளுக்கு நல்லாயிருக்கெண்டு சொல்லிச் சாப்பிடுங்கோ. அண்டைக்கு இரவைக்குப் பட்டினி கிடக்கவேண்டாம். அடுத்த நாள் காலமை வழமையான சாப்பாடு, வழமையான நடை. கிழமை முடியக் கூட்டித்தள்ளிப் பாக்கேக்க ஒரு பொங்கல் பெரிய கணக்கில்லை. அந்தப் பொங்கலைச் சாட்டி வாற ஏழு நாள்தான் கணக்கு.

நாங்கள் இஞ்ச பொம்பிளையள் கொஞ்சப்பேர் விடிய இரணைமடுப் பக்கம் நடக்கிறனாங்கள். தனியப் போனா "என்ன, வருத்தமே?" எண்டு கேள்வி, நாயும் துரத்தும். கூட்டமாப் போனா ரெண்டும் இல்லை. எங்களுக்குள்ள ஒரு சட்டம் இருக்கு. ஆரும் வராம விட்டா "ஏன் வரேல்ல" எண்டு கேக்கக்கூடாது. "நாளைக்கு வாறீங்களோ" எண்டுதான் கேக்கவேணும். முந்தி ஏன் எண்டு கேட்ட காலத்தில, ஒரு நாள் விட்டவை வெக்கத்தில பிறகு வாறதே இல்லை.


கமக்காரன்_வவுனிக்குளம் எழுதியது:

இது விளங்குது. வரம்பு ஒரு இடத்தில உடைஞ்சா அந்த இடத்துக்கு மண்ணை வெட்டிப் போடுறனாங்கள். உடைஞ்சுபோச்சே எண்டு மிச்ச வரம்பையும் வெட்டி விடுற விசரன் ஒருத்தனும் இல்லை. உதை முதலே சொல்லியிருக்கலாமே, உவ்வளவு வெள்ளைக்காரரின்ர பேர் தேவையில்லை.


ஆசிரியை_முள்ளியவளை எழுதியது:

😄 அண்ணை, நீங்களே எழுதியிருந்தா எங்களுக்கு வேலை மிச்சம்.


ஒட்டுசுட்டான்_மருமகள் எழுதியது:

வெள்ளைச்சட்டை அக்கா, ஒரு சந்தேகம். எங்கட வீட்டில எடை பாக்கிற மெசின் இல்லை. இருந்தாலும் மாமி ஏறமாட்டா, இலக்கத்தைக் கண்டா அண்டைக்கு முழுக்க முகம் தொங்கும். வேற என்னத்தால பாக்கலாம்? விடிய நடக்கவும் பயம், எங்கட பக்கம் யானை.


வெள்ளைச்சட்டை எழுதியது:

யானை வாற இடத்தில விடியக் கருக்கலில நடக்கவே வேண்டாம். வெயில் தாழ நாலரை போல வளவுக்குள்ள நடக்கச் சொல்லுங்கோ, பத்துப் பத்து நிமிசமாப் பிரிச்சு நடந்தாலும் காணும். 2002 இல வந்த அமெரிக்க ஆராய்ச்சியில சீனி வருத்தம் வரப்போற நிலையில இருந்த ஆக்களுக்குக் கிழமைக்கு 150 நிமிச நடையும் எடையில 7 வீதக் குறைப்பும்தான் இலக்கு. அந்தக் குழுவில வருத்தம் வந்தது 58 வீதம் குறைஞ்சது. மாமிக்கு ஏற்கனவே வந்திட்டுது எண்டாலும் அந்தளவு குறைஞ்சாலே சீனியும் பிறசரும் கட்டுக்குள்ள வர உதவும். எண்பது கிலோ ஆளுக்கு அது அஞ்சரைக் கிலோ. இருபது கிலோ குறைக்கச் சொல்லி ஆரும் கேக்கேல்ல.

மெசின் தேவையில்லை. தையல் நாடா இருந்தாக் காணும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின்ர மேல் விளிம்புக்கும் நடுவில, மூச்சைச் சாதாரணமா வெளிய விட்டபிறகு, இறுக்காமச் சுத்திப் பிடியுங்கோ. பொம்பிளையளுக்கு 80 சென்ரிமீற்றர், ஆம்பிளையளுக்கு 90 எண்டது எங்கட ஆக்களுக்கான எல்லை. மாசத்துக்கு ஒருக்காக் காணும், ஒவ்வொரு நாளும் அளக்காதேங்கோ. மாமிக்கு இலக்கம் சொல்லவேணும் எண்டும் இல்லை, நீங்கள் கொப்பியில எழுதி வையுங்கோ. கிளினிக்குக்குப் போகேக்க அந்தக் கொப்பியைக் கொண்டு போங்கோ. பேச்சு வந்தா, "போன மாசத்தை விட நாடா குறைஞ்சிருக்கு, பாருங்கோ மிஸ்" எண்டு காட்டுங்கோ.


ஒட்டுசுட்டான்_மருமகள் எழுதியது:

நாடா இருக்கு. குரக்கன் புட்டு உதிராமக் கட்டியாப் போகுது எண்டு மாமி முறைப்பாடு, அதுக்கும் ஆராவது வழி சொல்லுங்கோ.


பரந்தன்_சந்தி எழுதியது:

குரக்கன் மாவை முதல் லேசா வறுத்து ஆறவிடுங்கோ. கொதிதண்ணி வேண்டாம், உப்புக் கரைச்ச தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுக் குழையுங்கோ. பழகுமட்டும் கால்வாசி சிவப்பரிசி மா கலந்தா உதிரியா வரும். தேங்காய்ப்பூ கொஞ்சம் போடலாம், அதுக்கு ஆரும் பேசமாட்டினம்.